கீரிமலை ஊற்றும் கற்குழிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழையே சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களூடாக இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதக்கின்றது. நகுலேசுவரத்தின் அருகே கடலோரத்திலுள்ள கீரிமலைக் கேணிக்கும் கமக்காரரின் கிணறுகளுக்கும் அதுவே ஆதாரம்.

கடல்மட்டத்தின் மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் அறிஞர் கண்ட விதி. ஆகவே மேலே சிறிது குறையினும் கீழே உவர்நீர் பெரிதும் உயரும்.

காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றது. அதற்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகளோ எஞ்சியுள்ளன. மூடியிருந்த மண்ணும் கல்லும் நீங்கியவிடத்து நிலத்தடிநீர் வெயிலில் ஆவியாகின்றது. அழுக்கும் எளிதிற் கலக்கின்றது.

இழந்த கல்லை மீட்டல் அரிது; நீரையோ ஓரளவு ஈடுசெய்யலாம். கடலுக்கு ஓடும் மாரிவெள்ளத்தைத் தூர்வாரிய குளங்களிலே தேக்கி நிலத்துள் இறங்கவிடுதலும், குழிகளிற் குப்பை கொட்டாது காத்தலும் அதற்குரிய வழிகளாம்.