பொன் தேடிய கிராமங்களில் நஞ்சான நீர்

கிணற்று நீர் தெளிந்திருந்தால் அது நல்ல நீரே என்று நாம் எண்ணுவது வழக்கம். காய்ச்சிக் குடித்தால் எவ்விதத் தீங்கும் நேராது என்றும் நம்புகிறோம். நோய்க் கிருமிகளைப் பொறுத்தமட்டில் இது உண்மையே. ஆனால் ஈயம் முதலிய உலோகங்கள் நீரில் கரைந்திருப்பின் அவை கண்ணுக்குப் புலப்படமாட்டா, காய்ச்சினாலும் அகலமாட்டா. நீர் வற்ற வற்ற ஈயத்தின் செறிவு மிகுமேயன்றிக் குறையாது.

இதன் கொடுமையை நைஜீரிய நாட்டின் ஜம்ஃபாரா மாநிலத்து உழவர்கள் 2010-ஆம் ஆண்டில் அனுபவித்தனர். தங்கத்தின் விலை ஏறியதனால் அக்கிராமத்தார் பாறைகளை உடைத்துப் பொன்னெடுக்கும் சிறுதொழிலிலும் இறங்கினர். மாவரைக்கும் இயந்திரங்களிலேயே தாதுவை அரைத்தனர். குளங்களில் அதைக் கழுவினர். பாதரசத்தைச் சேர்த்துப் பொன்னைத் திரட்டி, நெருப்பிலிட்டுப் பாதரசத்தை ஆவியாக்கினர். இவ்வேலைகளில் பல வீட்டு முற்றத்திலேயே நடைபெற்றன.

அத்தாதுவில் பொன்னோடு ஈயமும் மிகுதியாக இருந்தது. அரைத்த தூசி முற்றத்திலும், பாத்திரங்களிலும், ஆடைகளிலும் படிந்தது. குளங்களையும் கிணறுகளையும் மாசுபடுத்தியது. குழந்தைகளுக்கு வலிப்புக் கண்டபோது, மலேரியா என்றே பெற்றோர் கருதினர். அவ்வாண்டில் 400க்குக் குறையாத குழந்தைகள் மாண்டனர். ஈயம் மூளையையும் நரம்புகளையும் தாக்குவது. பிழைத்த குழந்தைகளிலும் சிலர் பார்வையையோ கேள்விப்புலனையோ இழந்தனர். பாதரச ஆவியும் நரம்புகளுக்குக் கேடு விளைவிப்பதே.

மருந்து மட்டும் போதவில்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. சிகிச்சை பெற்ற குழந்தை அதே முற்றத்திற்குத் திரும்பினால் நஞ்சு மீண்டும் உடலில் ஏறும். ஆகவே மேல்மண்ணை அகற்றி, நல்ல மண்ணைப் பரப்பிய பின்னரே சிகிச்சை பயன் தந்தது. பகேகா என்னும் ஊரில் இப்பணி 2013-ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. அதுவரை அவ்வூர்க் குழந்தைகள் முறையான சிகிச்சைக்குக் காத்திருக்க நேர்ந்தது.

நம் ஊர்களில் பொன்னெடுக்கும் தொழில் அரிது. எனினும் பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் உருக்கும் இடங்களிலும் இதே அபாயம் உண்டு. எனவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கருத்திற் கொள்ளுதல் நலம்:

1. உலோகத் தொழில் எதுவும் வீட்டு முற்றத்திலும் நீர்நிலையருகிலும் நடைபெறலாகாது.

2. வேலை செய்தோர் கைகால் கழுவி, உடை மாற்றிய பின்னரே குழந்தைகளைத் தொடவேண்டும்.

3. ஐயத்திற்குரிய கிணற்று நீரைச் சோதனைக்கூடத்திற்கு அனுப்பவேண்டும். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது.

4. ஓரிடத்தில் பல குழந்தைகளுக்கு வலிப்போ, ஓயாத வயிற்றுவலியோ கண்டால், தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அறிவித்து, அவ்வூரில் நடைபெறும் தொழிலையும் மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும்.

பிழைப்புக்காகச் செய்யும் தொழில் பிள்ளைகளின் உயிரைக் குடிக்க நாம் இடங்கொடுக்கலாகாது. மண்ணும் நீரும் கெட்டபின் திருத்துவதினும் கெடாமற் காப்பது எளிது.