தொகையறா: ஒற்றைக் குரலுக்கு வந்த பெயர்

"காக்கா, தொகையறா என்டா சுத்தத் தமிழ்தானே? தொகை அறாதது, முடியாதது என்டு பொருள் வருமே?" வெள்ளவத்தையில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்தபின் ஓர் இளம் பாடகர் கேட்டார். கேட்க அழகான விளக்கம்தான். சொல் வந்த வழி வேறு.

பல்லவிக்கு முன்னால், தபேலாவும் டோலக்கும் ஓய்ந்திருக்க, ஒருவர் மட்டும் நீட்டிப் பாடுகிற இரண்டு அல்லது நாலு அடிகளே தொகையறா. அதற்குத் தாளக்கட்டு இல்லை. ஆர்மோனியம் இருந்தாலும் குரலுக்குப் பின்னால்தான் வரும். ஆலாபனையில் ராகம் மட்டுமே பேசும். இங்கே சொல்தான் முக்கியம். விருத்தமும் தாளமில்லாமல் பாடுவதுதான். ஆனால் சீறாப்புராணத்து விருத்தம் தனித்து நிற்கும் செய்யுள். தொகையறாவோ பின்னால் வரும் பாட்டுக்கு வாசல்.

வடநாட்டில் ஈரடிப் பாவுக்கு 'தோஹா' என்று பெயர். 'தோஹரா' என்றும் சொல்வார்கள். அடிக்கு 24 மாத்திரை. கபீரும், அக்பர் அவையிலிருந்த அப்துர் ரஹீம் கான்கானானும் (1556-1627) இதில் பேர்பெற்றவர்கள். 19ஆம் நூற்றாண்டில் பார்சி நாடகக் குழுக்கள் ஹிந்துஸ்தானி மெட்டுகளைத் தெற்கே கொண்டுவந்தன. பம்பாய் எல்பின்ஸ்டன் குழு கொழும்பிலும் ஆடியது. அந்தப் பாணியில் பிறந்த சிங்கள நூர்த்திக்காகத்தான் 1911இல் மருதானையில் டவர் மண்டபம் எழுந்தது. அதே அலை தமிழ் மேடையிலும் அடித்தது. தமிழ் நாவில் 'ஹ' பல இடங்களில் 'க' ஆகும். முஹம்மது முகம்மது ஆனது போல. அப்படித்தான் தோஹரா தோகரா ஆகி, தொகையறா என்று நிலைத்தது என்பது என் முடிவு.

2015இல் மறைந்த நாகூர் ஹனிபா அவர்களின் பாட்டுகளால் இந்த வடிவம் நம்ம வீடுகளுக்குள்ளும் வந்தது. யாரைப் பற்றிய பாட்டு, எந்தச் சம்பவம் என்பதைத் தொகையறாதான் பல நேரம் சொல்லும்.

அண்மையில் கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளை பதிவுசெய்த இசைக்குப் பாடியதைக் கேட்டேன். நல்ல குரல். ஆனால் தொகையறாவை விட்டுப்போட்டு நேரே பல்லவிக்குப் போய்விட்டார். பாட்டின் கதை போய்விட்டது, மெட்டுத்தான் மிஞ்சியது. பாட்டுப் பழக்குகிறவர்கள் முதலில் தொகையறாவைச் சொல்லிக் கொடுங்கள். றபானும் வேண்டாம், தபேலாவும் வேண்டாம். உச்சரிப்பும் மூச்சும் அதிலேதான் திருந்தும்.