ஸஜ்தாவில் வலிக்கும் மணிக்கட்டு

ஸஜ்தாவில் உள்ளங்கையைத் தரையில் ஊன்றும்போது, மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக உங்களுக்கு வலி எடுக்கிறதா? எப்போதோ கையை ஊன்றி விழுந்த நினைவும் உண்டா? அப்படியாயின் இவ்வரிகளைச் சற்றுக் கவனமாகப் படியுங்கள்.

எங்கள் மதரஸா மாணவர் ஒருவர் ஹவ்ளின் படியில் வழுக்கி விழுந்தார். அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு தென்படவில்லை. சுளுக்கு என்றெண்ணித் தைலம் தடவிக் கட்டினோம். பல மாதங்களுக்குப் பின், அவர் ஸஜ்தாவில் உள்ளங்கையை விரிக்காமல் கையை மூடி ஊன்றுவதைக் கண்டபோதுதான் வலி தீரவில்லை என்பதை உணர்ந்தேன். மீண்டும் படம் எடுத்தபோது எலும்பு முறிந்து, கூடாமலே கிடந்தது.

மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உள்ளன. அவற்றுள் பெருவிரல் பக்கம் இருப்பது ஸ்கேஃபாய்ட்; படகு போன்ற வடிவினால் பெற்ற பெயர் அது. இவ்வெலும்பிற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமாக நுழைந்து, முன்கையை நோக்கித் திரும்பிப் பாய்கிறது. இடையில் முறிந்தால், முன்கைப் பக்கத் துண்டிற்கு இரத்தம் குன்றிவிடுகிறது. கூடுவது தாமதமாவதற்கு இது முக்கியக் காரணமாகும். புகைப்பழக்கம் இத்தாமதத்தை மேலும் வளர்க்கிறது.

மெல்லிய விரிசல் முதல் எக்ஸ்ரேயில் மறைந்திருக்கக்கூடும். ஆகவே வலி நீடித்தால், கையை அசையாது கட்டிவைத்து, 10 முதல் 14 நாட்களில் மறுபடம் எடுப்பது வழக்கம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதற்கு முன்பே விரிசலைக் காட்டிவிடும்.

6 மாதங்களாகியும் கூடாத முறிவை, இனித் தானாகக் கூடாத முறிவு என்றே பொதுவாகக் கருதுகின்றனர். அப்போது இரு வினாக்கள் எழுகின்றன. துண்டுகளுக்கிடையே எலும்புப் பாலம் உருவாகியுள்ளதா, எலும்பு கூன் விழுந்து வளைந்துள்ளதா என்பது முதல் வினா. இதற்கு விடை தருவது சி.டி. ஸ்கேன். துண்டில் உயிரோட்டம் உள்ளதா என்பது இரண்டாம் வினா. இதனை எம்.ஆர்.ஐ. ஓரளவு காட்டும், தேவையாயின் இரத்தநாளத்தில் மருந்து செலுத்தியும் பார்ப்பர். இவ்விடைகளைக் கொண்டே, திருகாணி மட்டும் போதுமா, வேறிடத்து எலும்பையும் எடுத்து வைக்க வேண்டுமா என மருத்துவர் முடிவு செய்கிறார்.

வலி குறைந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். கூடாத முறிவு ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டையே தேய்த்துவிடும்.

உளூவிற்காக மாவுக்கட்டை அவிழ்ப்போரும் நம்மிடையே உள்ளனர். அது தேவையில்லை. கட்டின்மீது ஈரக்கையால் மஸ்ஹு செய்ய மார்க்கம் சலுகை அளித்துள்ளது. அதன் விவரங்களை உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நமக்கு வழிகாட்டியவர்கள் நபி (ஸல்) அவர்கள். அம்மாணவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று அவர் உள்ளங்கையை விரித்தே ஸஜ்தா செய்கிறார். எனினும், முதல் படத்தோடு நாங்கள் நின்றிராவிட்டால், அவர் அத்தனை மாதங்கள் வலியைச் சுமந்திருக்க வேண்டியதில்லை.