தொகை மட்டும் போதாது, தேதியும் வேண்டும்

உயிர்வேதியியல் ஆய்வு மாணவர் ஒரு புரதத்தைப் பிரித்தெடுக்கும் வேலையைப் பார்த்தாலே, அந்தப் படிப்புக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும் என்பது விளங்கிவிடும். முதல் நாள் இரவே ஈ. கோலை பாக்டீரியாவை வளரப் போட வேண்டும். மறுநாள் அது தக்க அடர்த்திக்கு வந்ததும், வேண்டிய புரதத்தை உண்டாக்கத் தூண்டும் வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டும். பிறகு செல்களை உடைத்து, பிசின் நிரப்பிய குழாய் வழியே அந்தச் சாற்றை விட்டுப் புரதத்தைப் பிரிக்க வேண்டும். பெரும்பாலும் இது 4 டிகிரி குளிரில் நடக்கிற வேலை. பாதியில் விட்டுப் போனால், அதே சாற்றில் இருக்கும் என்சைம்கள் புரதத்தைத் துண்டாடிவிடும். வேறு வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் வந்து செய்யக்கூடிய படிப்பல்ல இது.

அரசும் இதை மறுக்கவில்லை. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு ஃபெல்லோஷிப் (ஜே.ஆர்.எஃப்.) பெறுவோருக்கு 2010இல் மாதம் 16,000 ரூபாய் கிடைத்தது. அது 2014இல் 25,000, 2019இல் 31,000, 2023 ஜனவரி முதல் 37,000 என உயர்ந்தது. இரண்டு ஆண்டுக்குப் பின் முதுநிலை ஃபெல்லோவாக (எஸ்.ஆர்.எஃப்.) உயர்ந்தால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. கணக்கைப் பார்த்தால் ஏறுமுகம்தான். ஆனால் ஒவ்வோர் உயர்வுக்கும் நடுவே நாலைந்து ஆண்டுகள் தொகை அப்படியே நின்றது, விலைவாசி நிற்கவில்லை. அதே லேபில் வேலை செய்யும் அரசு விஞ்ஞானியின் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. மாணவரோ மனு கொடுத்தும் தெருவில் இறங்கியும் கேட்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, அந்தத் தொகையும் மாதக்கணக்கில் தாமதமாகிறது என்ற புகார் பல ஆண்டுகளாக ஓயவில்லை. என் வாதம் இதுதான்: எவ்வளவு பணம் என்பதைவிட, அது எப்போது வரும், எத்தனை ஆண்டு வரும் என்ற உறுதியே ஆய்வுப் பயிற்சியின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

ஆண்டுக் கணக்கிலும் இடறுகிறது. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்கு 6 ஆண்டு வரை எடுத்துக்கொள்ளலாம். ஃபெல்லோஷிப்போ 5 ஆண்டோடு நின்றுவிடும். முடிவுகளைத் திரும்பச் சரிபார்த்து, கட்டுரை அனுப்பி, ஆய்வேட்டை எழுதும் கடைசி ஆண்டில்தான் கை வறண்டுபோகிறது. சொந்தமாக ஃபெல்லோஷிப் இல்லாதவர் கைடின் ப்ராஜெக்ட் பணத்தை நம்பியிருக்கிறார்; ப்ராஜெக்ட் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. அதோடு, ப்ராஜெக்டுக்கு வேண்டியதைச் செய்வதும் மாணவர் கற்க வேண்டியதைக் கற்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அமெரிக்காவில் 1974இல் வந்த சட்டத்தின்கீழ் தேசிய சுகாதார நிறுவனங்கள் (என்.ஐ.எச்.) அமைப்பு, பயிற்சிக்கென்றே பல்கலைக்கழகத் துறைகளுக்குத் தனி மானியம் தருகிறது. அங்கும் பிந்தைய ஆண்டுகளில் பேராசிரியரின் ஆய்வு நிதிதான் பலருக்குக் கைகொடுக்கிறது. ஆனாலும் பயிற்சி வேறு, ப்ராஜெக்ட் வேலை வேறு என்ற தெளிவு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

பட்டம் வாங்கப்போவது மாணவர், மக்கள் பணம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன், தம் மாணவர்களான ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட வரைபடம், புரத அமைப்புகள் சரிதானா என்று பார்க்க இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. பலன் பட்டம் வாங்கியவரோடு நின்றுவிடவில்லை. முனைவர்கள் பெருகிவிட்டார்கள், வேலை எங்கே என்பது இதைவிடக் கனமான கேள்வி. அதற்கு விடை, சேர்க்கும் எண்ணிக்கையை யோசித்து வைப்பதே தவிர, சேர்த்தவரைக் காக்க வைப்பதல்ல. மருந்து நிறுவனங்கள் தரட்டுமே என்றால், அவை பெரும்பாலும் பயிற்சி முடித்தவரைத்தான் தேடுகின்றன. விற்பனைக்கு வராத அடிப்படைக் கேள்விக்கு ஐந்து ஆண்டு காத்திருக்க அவற்றுக்குக் காரணமில்லை.

பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018இல் வந்த பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் மாதம் 70,000 முதல் 80,000 ரூபாய் வரை தருகிறது; ஆனால் அது தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாமல் சேர்ந்தவருக்கு 8,000 என்று 2012இல் வந்த தொகை நெடுங்காலம் அசையவில்லை. உச்சியில் சிலருக்கு அள்ளித் தருவதைவிட, எல்லோருக்கும் குறித்த தேதியில் வரவு, அகவிலைப்படி போலத் தானாக ஏறும் தொகை, ஆறாம் ஆண்டுக்கும் நீட்டிப்பு ஆகியவையே முதலில் வேண்டும். மூன்று மாதம் பணம் வராவிட்டால் வீட்டில் வசதி உள்ளவர் தாக்குப்பிடிப்பார். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்தவர் வேலை தேடிப் போய்விடுவார். தேர்வு வைத்துத் திறமையைத் தேடிவிட்டு, கடைசியில் பணவசதியை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பதாகவே அது முடியும்.