நீங்கிய சட்டம், நீங்காத முத்திரை: சீர்மரபினச் சமூகங்கள் எதிர்கொள்ளும் அடையாளச் சிக்கல்

புதுடெல்லி: நாட்டின் பல பகுதிகளில் வாழும் சீர்மரபினச் சமூகங்கள் ஆகஸ்ட் 31-ஆம் தேதியைத் தங்களது விடுதலை நாளாகக் கடைப்பிடித்து வருகின்றன. நாடு விடுதலை பெற்று ஐந்து ஆண்டுகள் கழித்து, 1952-இல் இதே நாளில்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. சென்னை, பம்பாய் மாகாணங்கள் மட்டும் அதனை முன்னதாகவே நீக்கியிருந்தன.

1871-இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த அச்சட்டம், தனிநபரை அல்ல, ஒரு சமூகம் முழுவதையுமே குற்றவாளிகளாக அறிவிக்க வழிசெய்தது. பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள் காவல்துறையிடம் வருகையைத் தெரிவிக்க வேண்டும். அனுமதிச் சீட்டு இன்றி வெளியூர் செல்லக் கூடாது. ஊர் ஊராகச் செல்வதே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு இது தொழிலையே தடை செய்ததற்கு ஒப்பாகும்.

பஞ்சாரா மக்களின் வரலாறு இதற்குச் சான்று. பொதி மாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி, கடற்கரையையும் தக்காணத்தின் உட்பகுதிகளையும் இணைத்தவர்கள் இவர்கள். முகலாயப் படைகளுக்கும், பின்னர் ஆங்கிலேயப் படைகளுக்கும் இவர்களே தானியம் கொண்டு சேர்த்தனர். 1853-இல் தொடங்கிய ரயில் போக்குவரத்தும், உப்பின் மீதான அரசின் கட்டுப்பாடும் அவ்வணிகத்தைச் சிதைத்தன. வனச் சட்டங்கள் மேய்ச்சல் நிலங்களைச் சுருக்கின. வாழ்வாதாரம் இழந்து அலைந்தவர்களை அதே அரசு சந்தேகத்துக்குரியவர்கள் எனப் பட்டியலிட்டது.

சட்டம் நீக்கப்பட்ட பின்னரும் கண்காணிப்பு முற்றிலும் ஓயவில்லை. மாநிலங்கள் இயற்றிய வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் பெயரளவில் தனிநபர்களையே குறித்தாலும், நடைமுறையில் பழைய சமூகங்களே காவல்துறையின் பார்வையில் நீடித்தன. சில மாநிலச் சிறை விதிகளில் 'நாடோடி அல்லது குற்றப் பழங்குடி' என்ற சொற்கள் அண்மைக்காலம் வரை இருந்தன. சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய குறிப்புகள் அரசமைப்புக்கு முரணானவை என அறிவித்தது.

விடுதலைக்குப் பிந்தைய சட்டங்களும் சில மரபுத் தொழில்களை முடக்கின. ராஜஸ்தானின் கால்பேலியா சமூகத்தினர் பாம்பாட்டிகளாக வாழ்ந்தவர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் அத்தொழில் குற்றமானது. விலங்குகளைக் காப்பது அவசியமே. ஆனால் அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாற்று வழி உரிய அளவில் அமைக்கப்படவில்லை. பாம்பின் அசைவுகளைத் தழுவிய இச்சமூகத்தின் நடனமும் பாடல்களும் 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன என்பது இதன் மறுபக்கம்.

இட ஒதுக்கீட்டிலும் ஒரே சீர்மை இல்லை. பஞ்சாராக்கள் தெலங்கானாவில் பழங்குடியினர், கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர், மகாராஷ்டிரத்தில் 'விமுக்த ஜாதி'. மத்திய அரசு அமைத்த இதாத்தே ஆணையம், 260-க்கும் மேற்பட்ட சமூகங்கள் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. ஆகிய எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை எனக் கண்டறிந்தது.

இம்மக்களின் கல்வி, மருத்துவக் காப்பீடு, வீட்டு வசதி ஆகியவற்றுக்காக ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.200 கோடி மதிப்பிலான 'சீட்' திட்டம் 2022 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. எனினும், சீர்மரபினர் என்பதற்கான சாதிச் சான்றிதழ் பல மாநிலங்களில் எளிதில் கிடைப்பதில்லை. நிலையான முகவரி இல்லாத குடும்பங்களுக்கு அதனைப் பெறுவது மேலும் கடினமாக உள்ளது.