உங்களுக்குத் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கொள்கை

சிங்கப்பூரில் அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில், ஒரு பிளாக்கில் எந்த இனத்தவர் எத்தனை சதவீதம்வரை வாழலாம் என்பதற்கு 1989 முதல் உச்சவரம்பு உண்டு: இன்று சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் சேர்ந்து 15. அது 1964இல் இனக்கலவரம் கண்ட நாடு. வெறுப்புப் பேச்சைச் சட்டம் தண்டிக்கலாம். ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் பழக்கத்தைத் தண்டனையால் உண்டாக்க முடியாது. மக்களில் பெரும்பாலோர் இவ்வீடுகளில் வாழ்வதால்தான் இந்த ஏற்பாட்டுக்கு வலு.

வீட்டை யாருக்கு விற்பது என்பதில் அரசு தலையிடலாமா என்ற கேள்வி நியாயமானது. சீனர் வரம்பு நிரம்பிய பிளாக்கில் தமிழர் ஒருவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது; வாங்குவோர் குறைய, விலையும் குறைகிறது. சுமை சிறுபான்மையினர்மேல் கூடுதலாக விழுவது அநீதிதான். அதற்காகக் கொள்கையையே கைவிட வேண்டியதில்லை, இழப்பை அரசு ஏற்கலாம். விற்க முடியாமல் தவிப்போரின் வீடுகளைத் தானே வாங்கிக்கொள்ள அரசு 2022இல்தான் முன்வந்தது.