இரண்டையும் அணிந்தால் இரட்டைப் பாதுகாப்பா?

கப்பலைக் கைவிட்டுக் கடலில் இறங்க நேர்ந்தவருக்கு உடனடித் தேவைகள் இரண்டு. வாயும் மூக்கும் அலைக்கு மேலே இருக்க வேண்டும்; உடம்புச் சூடு இறங்காமல் இருக்க வேண்டும். முதல் வேலையை லைஃப் ஜாக்கெட் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவதற்கு இருப்பது இமர்ஷன் சூட்: தலை முதல் கால் வரை மூடி முகத்தை மட்டும் வெளியே விடும், தண்ணீர் புகாத உடை. பெரும்பாலும் நியோப்ரீன் என்ற நுரை ரப்பரால் ஆனது.

முதலாவது மட்டும் இருந்து இரண்டாவது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மரைன் எலக்ட்ரிக் கப்பல் சாட்சி. நிலக்கரி ஏற்றிச் சென்ற அந்தப் பழைய கப்பல், 1983 பிப்ரவரி 12 அன்று விடியுமுன், அமெரிக்காவின் வர்ஜீனியா கரைக்கு அப்பால் புயலில் கவிழ்ந்தது. கடல்நீரின் வெப்பநிலை சுமார் 4 டிகிரி செல்சியஸ். லைஃப் ஜாக்கெட்டுகள் ஆட்களை மிதக்க வைத்தன, அதில் குறையில்லை. ஆனால் ஹெலிகாப்டர் வந்து கூடையை இறக்கியபோது அதைப் பற்றி ஏறும் தெம்பு கைகளில் இல்லை. 34 பேரில் பிழைத்தவர்கள் மூவர். கப்பலில் யாரிடமும் இமர்ஷன் சூட் இல்லை. அந்த வழித்தடத்தில் அதை வைத்திருக்க வேண்டும் என்று அன்றைக்குச் சட்டமும் இல்லை. அதன் பிறகுதான் குளிர்கடலில் ஓடும் அமெரிக்கக் கப்பல்களுக்கு அது கட்டாயமானது. 2006 ஜூலை முதல், சோலாஸ் எனப்படும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தப்படி சரக்குக் கப்பலில் ஆளுக்கொரு சூட் இருக்க வேண்டும். எப்போதும் வெப்பக் கடலிலேயே ஓடும் கப்பல்களுக்கு மட்டும் விலக்கு தரலாம்.

அப்படியானால் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் தீர்ந்ததே என்று தோன்றும். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

லைஃப் ஜாக்கெட் மிதப்பை மார்பிலும் கழுத்தைச் சுற்றியும் குவித்து வைக்கிறது. மயங்கிக் குப்புறக் கிடப்பவரின் மார்பு மேலே எழ முயலும், கால்கள் கீழே இறங்கும். இந்த முறுக்கில் உடம்பு தானாக மல்லாந்து திரும்பும். வாய் நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 120 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும் என்பது அதற்கான அளவுகோல். நியோப்ரீன் சூட்டோ மிதப்பை உடம்பு முழுக்கப் பரப்பிவிடுகிறது. முதுகும் மிதக்கிறது, காலும் மிதக்கிறது. உடம்பு கட்டைபோலக் கிடைமட்டமாகிவிடும். மல்லாந்து கிடப்பது எவ்வளவு நிலையானதோ, குப்புறக் கிடப்பதும் அவ்வளவு நிலையானதாகிவிடலாம். கால்களை மேலே தள்ளும் சூட்டோடு மார்பை மேலே தள்ளும் ஜாக்கெட் மல்லுக்கு நிற்கிறது. தனித்தனியே சோதனையில் தேறிய இரண்டு பொருள்கள் சேர்ந்தால் தோற்கலாம் என்பது இதனால்தான்.

சூட்டுக்குள் அடைபட்ட காற்று இதை இன்னும் கெடுக்கும். தலைகீழாக நீரில் விழுந்தால் அந்தக் காற்று பாதங்களுக்கு ஓடிவிடும். அதனால்தான் பயிற்சிகளில், ஜிப்பை முழுக்க இழுத்து மூடுவதற்கு முன் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தச் சொல்கிறார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் காற்று கழுத்து வழியே வெளியேறிவிடும்.

சூட்டும் ஜாக்கெட்டும் மோதுவதை விதிகள் மறக்கவில்லை. சில சூட்டுகள் லைஃப் ஜாக்கெட் தேவையே இல்லாதபடி செய்யப்பட்டவை; விளக்கும் விசிலும் அவற்றிலேயே இருக்கும், பலவற்றில் தலையைத் தூக்கிப் பிடிக்க வாயால் ஊதும் ஒரு காற்றுத் தலையணையும் உண்டு. இவற்றின் மேல் தடித்த ஜாக்கெட்டை மாட்டினால் தலையணை இருக்க வேண்டிய இடத்தில் காலர் வந்து உட்காரும். கழுத்தைத் திருப்ப முடியாது, ஏணியில் கால் வைக்கும் இடம் தெரியாது, மூடிய உயிர்காப்புப் படகின் இருக்கையில் பெல்ட் எட்டாது. இன்னொரு வகை, ஜாக்கெட்டோடு சேர்த்தே அணிய வேண்டியது. அதில் அப்படி எழுதியிருக்கும்; பொருந்தக்கூடிய ஜாக்கெட்டைத்தான் அணிய வேண்டும். கப்பலில் ஏறியதும் முதலில் படிக்க வேண்டியது இந்த எழுத்தைத்தான் என்பேன்.

ஜாக்கெட் எப்போதும் சூட்டுக்கு மேலேதான். காற்று நிரம்பும் வகை ஜாக்கெட்டை உள்ளே போட்டு ஜிப்பை மூடிவிட்டால், அது விரியும்போது இடமில்லாமல் மார்பையும் கழுத்தையும் நெரிக்கும். நீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் ரகத்துக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. தண்ணீர் புகுந்த அறைக்குள் அது விரிந்தால் ஆளைக் கூரையோடு ஒட்டிவிடும். வெளியேறும் வழி கீழே இருந்தால் மூழ்கி நீந்த முடியாது. கடலுக்கு மேல் ஹெலிகாப்டரில் பறப்பவர்களுக்குக் கையால் இழுத்து ஊதும் ஜாக்கெட்டைக் கொடுப்பது இதை நினைத்துத்தான்.

நேரக் கணக்கும் கறாரானது. பையிலிருந்து எடுத்து, யார் துணையும் இல்லாமல், ஜாக்கெட்டும் சேர்த்து, 2 நிமிடத்துக்குள் அணிந்து முடிக்க வேண்டும். தடித்த கையுறைக்குள் போன விரல்களால் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டுவது இதில் பாதி நேரத்தைத் தின்றுவிடும். சூட்டின் பருமனுக்கு மேல் பட்டை எட்டுமா என்பதும் தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். கொக்கி மாட்டாமல் தொங்கும் ஜாக்கெட் குதிக்கும்போது மோவாயில் வந்து இடிக்கும். கூடுமானவரை ஏணி வழியே இறங்குவதே நல்லது. குதித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு கையால் வாயையும் மூக்கையும் பொத்தி, மறு கையால் ஜாக்கெட்டைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்து, கால்களைச் சேர்த்து, கால் முதலில் விழ வேண்டும்.

வெப்பம் குறைந்த நீரில் இறங்கியவருக்கு முதல் சில நிமிடங்களில் மூச்சு தன் கட்டுப்பாட்டில் இருக்காது. அப்போது முகம் நீருக்கு வெளியே இருப்பதுதான் உயிர். பிறகு வேலை சூட்டுடையது. குளிர்காப்புப் பொருளால் ஆன சூட், 0 முதல் 2 டிகிரி நீரில் 6 மணி நேரம் கிடந்தாலும் உடலின் உள்வெப்பம் 2 டிகிரிக்கு மேல் குறையாமல் காக்க வேண்டும். காப்புப் பொருள் இல்லாத வகைக்கு 5 டிகிரி நீரில் 1 மணி நேரம்தான் சோதனை, அதுவும் உள்ளே கம்பளி உடை இருந்தால். மன்னார் வளைகுடாவில் மீன்பிடிக்கும் தூத்துக்குடிக்காரருக்கு நல்ல லைஃப் ஜாக்கெட் போதும். அதே ஊரிலிருந்து சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, ஜனவரியில் வட அட்லாண்டிக்கைக் கடப்பவருக்குப் போதாது.

இத்தனையும் ஒரு ஜிப்பை நம்பியிருக்கிறது. மெழுகு தடவாத ஜிப் உப்புக்காற்றில் இறுகி, கழுத்துக்குக் கீழே ஒரு சாண் திறந்தபடியே நின்றுவிடும். மாதாமாதம் அதை மேலும் கீழும் இழுத்துப் பார்ப்பதும், 3 ஆண்டுக்குள் ஒருமுறை சூட்டுக்குள் காற்றடைத்துத் தையல்களில் கசிவு தேடுவதும் பராமரிப்பின் பகுதி. 10 வயது தாண்டிய சூட்டுக்கு இந்தச் சோதனை இன்னும் அடிக்கடி வேண்டும்.